தேவனின் தழும்பு

"தலையில ஓட்டை போட நான் என்ன தேங்காயா? எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்!"

மங்கம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தாள். தேவன் மனைவியைப் பிடித்து உட்கார வைத்தான். விட்டால் விழுந்துவிடுவாள். கொஞ்ச மாதமாகக் கால் பின்னித்தான் நடக்கிறாள். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு, "உப்புப் போட்டேனா?" என்று கேட்கிறாள். போன வாரம் செண்டாயான் பசாரில் காய்கறி வாங்கிவிட்டு நின்றுகொண்டு, "நம்ம வீடு எந்தப் பக்கம்?" என்றாள். அன்றைக்கே தேவன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட்டான்.

"மூளைக்குள்ள தண்ணி போற வழி குறுகிப் போச்சாம், மங்கா. தண்ணி தேங்கி மூளைய நெருக்குது. தோட்டத்துல காவா அடைச்சா என்ன பண்றோம்? பக்கத்துல வெட்டி விடுறோம்ல? அதேதான். மெல்லிசா ஒரு குழாய், அதுல கேமரா. உள்ள பார்த்து சின்னதா ஒரு துவாரம் போட்டா, தண்ணி அது பாட்டுக்குப் போயிரும்."

"காவா வெட்டுறவன் செம்பனை வேர வெட்டாம வெட்டுவானா? எனக்கு வேணாம். முனீஸ்வரருக்கு ஒரு சேவல் நேர்ந்து விடுறேன், சரியாப் போயிரும்."

"சேவல் பேச்ச விடு!" என்றான் தேவன் அவசரமாக.

இப்படியே விட்டால் பார்வை போகும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேவன் தொப்பியைக் கழற்றிக் குனிந்தான். வலது நெற்றிக்கு மேலே, முடிக்குள் ஒரு தழும்பு.

"இங்க பாரு. எனக்கும் இதே ஆபரேஷன் பண்ணாங்க. ரெண்டு வருசம் ஆச்சு. செத்தா போயிட்டேன்?"

"உங்களுக்கா? எனக்கு ஞாபகமே இல்லையே!"

"அதுக்குத்தான்லா உனக்கு ஆபரேஷன்."

மங்கம்மா தழும்பைத் தடவிப் பார்த்தாள்.

"வலிச்சுச்சா?"

"அன்னிக்கு மட்டும்."

பெருமூச்சு விட்டுவிட்டு, ஆபரேஷனுக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது. தேவன் வராந்தாவில் நின்றபடி, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டான். முனீஸ்வரரைக் கூப்பிட மட்டும் வாய் வரவில்லை.

அதற்கடுத்த நாள், தலையில் சின்னக் கட்டோடு மங்கம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் தேவனைக் காட்டினார்.

"அம்மா, இவரு யாருன்னு தெரியுதா?"

மங்கம்மா அவனையே உற்றுப் பார்த்தாள். ஐயோ, போச்சே என்று தேவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"தெரியாம என்ன?" என்றாள் அவள். "சாமிக்கு நேர்ந்துவிட்ட என் சேவலத் தூக்கி வேலை வாங்குற மண்டோர் வீட்டு விருந்துக்குக் குடுத்த ஆளு! டாக்டர், இவருக்கு ஆபரேஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தத் தழும்பு அன்னிக்கு நான் எறிஞ்ச மைலோ டின்னு பட்டது!"