முப்பதாண்டு அனுபவமுள்ள பூட்டு வல்லுநர்

“வெளியே வாம்மா. வந்து அந்தப் பலகையில என்ன போட்டிருக்குன்னு வாய்விட்டுப் படி.”

மாமனார் முன்னே நடக்க, மருமகள் கைப்பேசியும் கையுமாகப் பின்னே வந்தாள். பூட்டுக் கடையின் கண்ணாடிக் கதவு அவர்களுக்குப் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது.

“‘முப்பதாண்டு அனுபவமுள்ள பூட்டு வல்லுநர்.’ இதோட நாலாவது தடவை படிக்கிறேன், மாமா.”

“அப்ப அதையே போட வேண்டியதுதானே?”

மருமகள் பெருமூச்சு விட்டாள். குடியிருப்போர் சங்கம் தன் இணையதளத்திலிருந்து இவர்கள் கடையின் பக்கத்துக்கு ஓர் இணைப்புக் கொடுக்க இசைந்திருந்தது. அந்த இணைப்பில் தெரிய வேண்டிய வாசகத்தைப் பத்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். இன்னும் கால் மணி நேரமே இருந்தது.

“மாமா, அந்த வாசகத்தைப் பார்த்துத்தான் தேடுபொறி உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கும். ஜனங்க என்ன எழுதித் தேடுறாங்களோ, அது அதுல இருக்கணும். ‘வல்லுநர்’னு எவன் தேடுறான்?”

“முன்னாடி உன் புருஷன் என்ன போட்டான்?”

“‘இங்கே அழுத்தவும்’. அதான் தேடினா ஏழாவது பக்கத்துல கிடக்கிறோம். இந்த மாசம் மொத்தமே மூணு அழைப்பு. அதுல ஒண்ணு உங்க தங்கச்சி. பின்தெருப் பூட்டுக் கடைக்காரர் முதல் வரியில நிக்கிறாரு, தினம் பத்துக் கதவு திறக்கிறாரு. இப்படியே போனா நாம கடையை மூட வேண்டியதுதான்.”

“அவனா? பூட்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் வித்தியாசம் தெரியாதவன்.”

“தேடுபொறிக்கு அது தெரியாதே. ‘கதவு பூட்டிக்கொண்டது, சாவி உள்ளே’ன்னு போடுவோம், மாமா.”

“சே, ஒப்பாரி மாதிரி இருக்கு. ஒரு கௌரவம் வேண்டாமா? அவசரத்துல இருக்கிறவனும் நாலெழுத்துப் படிச்சவன்தானே?”

“கதவு பூட்டிக்கிட்டு நடுத்தெருவுல நிக்கிறவனுக்குச் செந்தமிழா வரும்?”

பதில் சொல்ல வாயெடுத்த மாமனார், சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“உள்ளே வாங்க, கணினியில காட்டறேன்.”

“வேண்டாம். இங்கேயே நல்லாக் காத்து வருது.”

“வெயில் மண்டையைப் பிளக்குது, மாமா.”

“வெயில் உடம்புக்கு நல்லது.”

“இந்த வீட்டு ஆம்பளைங்ககிட்ட ஒரு ‘சரி’ வாங்கறதுக்குப் பதிலா, நானே பூட்டு உடைக்கக் கத்துக்கிட்டிருக்கலாம்” என்று முணுமுணுத்தாள் மருமகள்.

பத்து மணியாக மூன்று நிமிடம் இருந்தபோது மாமனார் கையை நீட்டினார். “அந்த போனைக் கொடு.”

அவள் முறைத்துக்கொண்டே கொடுத்தாள். மூக்குக்கண்ணாடி இல்லாததால் கண்களைச் சுருக்கிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்திவிட்டுத் திருப்பித் தந்தார். தேடும் கட்டத்தில், ‘கதவு பூட்டிக்கிச்சு சாவி உள்ளே’ என்றிருந்தது. வல்லுநரையும் காணோம், முப்பதாண்டையும் காணோம்.

மருமகளின் முகம் மலர்ந்தது. “இதைத்தானே காலையிலேருந்து கத்தறேன். இதையே அனுப்பிடவா?”

“அனுப்பு.”

அனுப்பினாள். “இப்பவாவது உங்களுக்குப் புரிஞ்சுதே.”

“புரிஞ்சுது, புரிஞ்சுது” என்ற மாமனார், தம் கையாலேயே கடைக் கதவில் பொருத்திய, தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டையும், கண்ணாடிக்கு அப்பால் மேசைமேல் கருவிப் பெட்டியோடு கிடந்த அதன் இரண்டு சாவிகளையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படியே அந்த முதல் வரிக்காரனுக்கு ஒரு போன் போடும்மா. கடைப் பேரை மட்டும் சொல்லிடாதே.”