கராச்சியிலிருந்து இரண்டு நாள்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கராச்சியிலிருந்து பாச்சாவின் தந்தி வந்தது. லீவு இப்போதுதான் கிடைத்ததாம். ரயிலில் நாலு நாள், தபால் விமானத்தில் இரண்டே நாள். எதில் வர?

ஞாயிறு காலை சின்ன காஞ்சிபுரத்தில் அவர் மகள் வைதேஹிக்குக் கல்யாணம். ரயிலில் வந்தால், முகூர்த்தம் முடிந்து இலை எடுத்த பிறகுதான் வந்து சேரலாம்.

"அப்பா மடியிலதான் உட்காருவேன். பெரியப்பா மடியில எல்லாம் மாட்டேன்" என்று வைதேஹி சொல்லிவிட்டாள்.

பெரியப்பா அழகியமணவாளனுக்கு அதில் கோபமில்லை. அவர் கவலை வேறு. விமானம் வழியில் கடலைத் தாண்டுமா? தாண்டினால் தோஷம். தோஷத்தோடு கன்னிகாதானம் செய்து கொடுக்க முடியாது.

பாச்சாவின் மனைவி ஹேமாம்புஜம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். 

பாச்சாவின் தம்பி ஸௌந்தரராஜன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். அன்றைக்கே எங்கெங்கோ தேடி ஒரு தேசப்படம் கொண்டுவந்து கூடத்தில் விரித்தார். கராச்சிக்கும் மதராஸுக்கும் நடுவே ஒரு பட்டு நூலை இழுத்துப் பிடித்தார். ஆயிரத்து முந்நூறு மைல். மணிக்கு நூறு மைல் வேகம். இருட்டினால் பறக்காது, ராத்திரி பம்பாயில் தங்கல்.

நூல் கட்ச் பக்கம் ஒரு நெல் நீளத்துக்கு நீலத்தில் கிடந்தது.

புதன்கிழமை முழுதும் அந்த நெல் நீளத்திலேயே போயிற்று. அங்கே மழைக்காலத்தில் மட்டும்தான் தண்ணீர், மற்ற நாளெல்லாம் வெறும் உப்புத்தரை என்றார் ஸௌந்தரராஜன். அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டார் அழகியமணவாளன்.

வியாழக்கிழமை திருப்புட்குழியிலிருந்து இரண்டு பண்டிதர்களை வரவழைத்தார்கள். திருப்தியாகச் சாப்பிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள்.

சாயங்காலம் வைதேஹிக்குப் பொறுமை போய்விட்டது. உள்ளேயிருந்து கத்தினாள்.

"கருடன் சமுத்திரத்துக்கு மேல பறக்கறாரே, அவருக்கு யாரு பிராயச்சித்தம் பண்ணி வெச்சா?"

அழகியமணவாளன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். பண்டிதர்களும் சிரித்தார்கள்.

"சரி, விமானத்துலயே வரட்டும்! நாளைக்குக் காத்தால ஏறினாத்தான் சனிக்கிழமை வந்து சேருவான். ஓடு, ஸௌந்தரா, தந்தி ஆபீஸை மூடிடப் போறான்!"

ஸௌந்தரராஜன் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

மூன்று நாளில் அப்போதுதான் ஹேமாம்புஜம் வாய் திறந்தாள்.

"தந்தி வேண்டாம். நீங்க தேசப்படம் தேடப் போனப்பவே நான் போய் அடிச்சுட்டு வந்துட்டேன்" என்றாள். "ஸ்டேஷனுக்குப் போங்கோ. இன்னிக்கு எட்டு மணி வண்டியில வந்துடுவார்."