வாய் திறக்காத பிரபு

"உவன் என்ன, வாய்க்குள்ள கொழுக்கட்டையோ வைச்சிருக்கிறான்? ஒரு வசனம் ஒழுங்காக் கதைக்கிறானில்லை!"

சிவனேஸ்வரி தரையில் பழைய பேப்பரை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கண் கீரையில், காது டிவியில். திட்டு வாங்கியது திரையில் நின்ற தாய்லாந்துப் பிரபுதான். ஆனால் அடி யாருக்கு விழுகிறதென்று மகள் அஜித்தாவுக்குத் தெரியாதா என்ன?

போன ஞாயிறு கௌசிக் பெண் கேட்டு வந்திருந்தான். கோயம்புத்தூர்ப் பையன், வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. லண்டனின் ஒரு மூலை விம்பிள்டனிலிருந்து மறு மூலை அப்டன் பார்க் வரை ரயிலேறி வந்தவன், சோபா நுனியில் உட்கார்ந்து மொத்தமாகப் பேசியது "ஆமாங்க", "போதுங்க", "வர்றேங்க". அவ்வளவுதான். அவன் படியிறங்கியதும் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"மனிசனோ, லைட் போஸ்ட்டோ? உதோட எப்பிடிப் பிள்ளை குடும்பம் நடத்துவாய்? எனக்கு விருப்பமில்லை."

அஜித்தா அன்று அழுதே விட்டாள். அம்மா தலையாட்டாமல் கல்யாணம் செய்ய அவளுக்கு மனம் வராது. அப்பா போன பிறகு அவளுக்கென்று இருப்பது இந்த ஒரு ஆள். கௌசிக்கை விடவும் முடியாது.

அழுது முடித்ததும் மூளை வேலை செய்தது. அம்மா ஒரு நாடகப் பைத்தியம். கொரிய நாடகம் போட்டுப் பார்த்தாள்; குறட்டை. துருக்கி நாடகம், இன்னும் பெரிய குறட்டை. தாய்லாந்துச் சரித்திர நாடகத்துக்கு மட்டும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "இது ஓடட்டும்" என்றார். அஜித்தாவுக்கு அடித்தது யோகம். கதாநாயகி பாங்கொக்கில் வங்கி மனேஜர். லிஃப்டில் ஏறியவள் இறங்கும்போது அரசர் காலம். அங்கே ஒரு பிரபு: அழகன், நல்லவன், கௌசிக்கைப் போலவே வாய் திறக்காதவன்.

"கீழ ஓடுற இங்கிலிஷ் எழுத்தை எட்டிப் பிடிக்க என்னால ஏலாது. நீ தமிழில சொல்லு" என்றார் அம்மா, கீரையிலிருந்து கண் எடுக்காமல்.

கரும்பு தின்னக் கூலியா? அஜித்தா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

பிரபு ஜன்னலைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். 'மழை வரப்போகிறது' என்று திரையின் கீழே ஓடியது.

"என்னவாம்?"

"'நான் கனக்கக் கதைக்கமாட்டன். ஆனா நினைச்சவளைக் கடைசிவரைக்கும் கைவிடமாட்டன்' எண்டு சொல்றானம்மா."

"அந்த ரெண்டு சொல்லுக்குள்ள இவ்வளவோ?"

"தாய் பாஷை அப்பிடித்தானம்மா. சரியான சுருக்கமான பாஷை."

"ஓ" என்றார் அம்மா.

அடுத்து கதாநாயகி வேலைக்காரியைப் பிடித்து உலுக்கி, இந்த அரண்மனையில் கழிப்பறை எங்கே என்று பதறினாள்.

"கலகலவெண்டு கதைக்கிற ஆம்பிளையளைக் கட்டின என்ர சிநேகிதியள் எல்லாருக்கும் இப்ப டிவோர்ஸ் எண்டு அழுகிறாள், பாவம்" என்றாள் அஜித்தா, கூசாமல்.

அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கீரை நாலா பக்கமும் சிதறியது. அழவேண்டிய இடத்தில் சிரிக்கிறாரே என்று அஜித்தாவுக்கு ஒரு கணம் தோன்றியது. புளுகுகிற மும்முரத்தில் அதை விட்டுவிட்டாள்.

கடைசிக் காட்சி வந்தது. ஆற்றில் ஒரு படகு. அதில் கதாநாயகி எழுந்து நின்று கையை வீசி ஏதேதோ கத்துகிறாள். பிரபு அவளை அண்ணாந்து பார்த்து, 'உட்கார். படகு கவிழ்ந்துவிடும்' என்றான்.

இதை விட்டால் வேறு இடமில்லை. அஜித்தா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"'ஊர் மெச்சக் கதைக்க எனக்குத் தெரியாது. ஆனா நீ ஷிப்ட் முடிஞ்சு வரேக்குள்ள பஸ் ஸ்டாப்பில குடையோட நிப்பன்...'"

"அரசர் காலத்தில பஸ்ஸோ?"

"பல்லக்கம்மா, பல்லக்கு! குழப்பாதேங்கோ. 'நீ காய்ச்சலில கிடந்தா இரவிரவா முழிச்சிருப்பன். அதை ஒருத்தருக்கும் சொல்லிக் காட்டமாட்டன். உன்ர அம்மா ஓம் எண்டு சொல்லுமட்டும், எத்தினை வருசமெண்டாலும் காத்திருப்பன்.'"

கடைசி வரியில் அவள் குரல் உடைந்துவிட்டது. அதெல்லாம் கௌசிக் அவளுக்குச் செய்தவை. ஒன்றைக்கூட அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அம்மா கொஞ்ச நேரம் கீரைக்காம்பை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாப்பிட வரச்சொல்லு. எனக்கு ஓம்."

அஜித்தா பாய்ந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். உடனே கௌசிக்குக்கு ஃபோன் போட்டு, அழுகையும் சிரிப்புமாய் விஷயத்தைக் கொட்டினாள். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு "சரி" என்றான்.

சிவனேஸ்வரி கீரையை அள்ளிக்கொண்டு எழுந்து, குசினி வாசலில் நின்று திரும்பினார்.

"உந்தப் பிரபு சொன்னது, 'இரு, தோணி கவிழப்போகுது' எண்டு. லண்டனுக்கு அனுப்புறன் எண்டு காசு வாங்கின ஏஜென்சிக்காரன் நடுவழியில கைவிட்டிட்டுப் போக, பாங்கொக்கில ஒரு சாப்பாட்டுக்கடையில மூண்டு வருசம் கோப்பை கழுவித்தான் பிள்ளை நான் இஞ்ச வந்து சேர்ந்தனான். நீ ஒருநாளும் கேக்கேல்லை."