யாரைப் பார்க்கப் போகிறாள்?

மூன்று வாரமாகத் தையற்காரரின் மனைவி அடிக்கடி வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு எங்கோ போய்வந்தாள். அவருக்குச் சந்தேகம் அரித்தது. "இன்னைக்கு அவரைக் கண்ணால பார்த்துடுவேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட மூச்சு விட்டுடாதே" என்று தோழியிடம் அவள் போனில் சொன்னது காதில் விழுந்ததும், பின்னாலேயே கிளம்பிவிட்டார்.

அவள் நுழைந்தது அரசு ஆவணக் காப்பகம். வாசிப்பறையில் உட்கார்ந்து ஒரு புகைப்படத்தை விரலால் வருடிக்கொண்டிருந்தாள்.

"யாருடி அவன்?" என்று பாய்ந்தார்.

அவள் பதறவில்லை. "அந்தக் காலத்து மில் ஸ்டிரைக்ல கைதானவங்க பைல் இது. நாற்பது வருஷம் பூட்டி வெச்சிருந்து, இன்னைக்குத்தான் பொதுமக்கள் பார்வைக்குக் கொடுத்தாங்க. இதுக்காகத்தான் மூணு வாரமா அலைஞ்சேன். உங்கப்பாவும் இதுல ஒருத்தர். அவர் உங்களை விட்டுட்டு ஓடிப்போகலைங்க. ஜெயில்ல செத்துப்போயிருக்கார். உறுதியாத் தெரியாம உங்ககிட்ட சொல்ல மனசு வரல."

படத்துக்கு அடியில், வீட்டுக்கு அனுப்பப்படாத பதினொரு கடிதங்கள் இருந்தன. எல்லாமே, "கண்ணு, சாப்பிட்டியா?" என்றுதான் தொடங்கின.