பாடிதான் பிளஸ்

அஜ்மான் கராஜின் தகரக்கூரை ஓட்டைகள் வழியே இறங்கும் மத்தியான வெயில், அறுபத்தொன்றாம் வருடத்து ஜாகுவாரின் கரும்பச்சை முதுகில் வட்டவட்டமாகக் கிடக்கிறது. எலக்ட்ரீஷியன் செல்வசிங் பேட்டரியின் பிளஸ் முனையை வண்டியின் உடம்போடு சேர்த்து முடுக்குகிறான். இங்கே வந்துபோகிற வண்டிகளுக்கெல்லாம் அந்த இடத்தில் மைனஸ்தான். "டேய், மாத்திக் கட்டுறடா! வயரிங் பூராவும் கருகிப்போகும். அர்பாப்போட அப்பா ஓட்டுன வண்டிடா!" என்று கத்துகிறார் ஃபோர்மேன் வைரவன். அவர் கையில் தீயணைப்பு சிலிண்டர், அதன் ஊசியை ஏற்கெனவே உருவிவிட்டார். வாசலில் அர்பாபின், அதாவது முதலாளியின், லேண்ட் க்ரூசர் வந்து நிற்கிறது. செல்வசிங் நிமிரக்கூட இல்லை. "பழைய பிரிட்டிஷ் வண்டி அண்ணே, இதுக்கு பாடிதான் பிளஸ்ஸு. சும்மா நில்லும்." கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்கிறான், வெடித்த தோல் சீட்டு முனகுகிறது. சாவியைத் திருப்பியதும் பின்னால் பெட்ரோல் பம்ப் பல்லி மாதிரி டிக்டிக்கென்று சொல்லி அடங்குகிறது. மரப்பலகையிலிருக்கும் கறுப்புப் பொத்தானை அழுத்துகிறான். எஞ்சின் ஒரு தடவை இருமி, பிடித்துக்கொள்கிறது. கொத்தாகக் கிளம்பிய நீலப்புகையைப் பார்த்து வைரவன் குழாயை நீட்டுகிறார்; அது சைலன்சர் புகை. அம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்து அசையாமல் நிற்கிறது; ஒரு வயரும் கருகவில்லை. வெள்ளைக் கந்தூரா அங்கியில் முதலாளி உள்ளே வருகிறார். வைரவன் சிலிண்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, "இதுக்கு பாடிதான் பிளஸ் அர்பாப், நான்தான் இவன்கிட்ட..." என்று இந்தியில் ஆரம்பிக்கிறார். செல்வசிங் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதிக்கிறான். மிச்சம் யாருக்கும் கேட்கவில்லை.