டைம் போட்ட ரசீது

மீஞ்சூர் ஸ்டேஷனில் தன் கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் கூட்டம் எப்படிக் கலையும் என்று டிக்கெட் பரிசோதகர் சந்திரகலாவுக்கு நன்றாகத் தெரியும். பாதிப் பேர் பிளாட்பாரத்தின் கடைசிக்கு நழுவுவார்கள். சிலர் தண்டவாளத்தில் குதித்து, கருவேல முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடுவார்கள்.

அன்று காலை ஒருவன் மட்டும் நேராக அவர் எதிரில் வந்து நின்றான். நீலக் கலர் கம்பெனிச் சட்டை, தோளில் சாப்பாட்டுப் பை.

“டிக்கெட் இல்ல மேடம். ஃபைன் போடுங்க.”

சந்திரகலா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “காலைலயே ஊத்திக்கினு வந்தியா?”

“அட இன்னா மேடம் நீங்க! தேர்வாய் கண்டிகைல கான்ட்ராக்ட் வேல. கம்பெனி பஸ்ஸ உட்டுட்டேன். லேட்டா போனா சூப்பர்வைசர் நம்ப மாட்டான். போன வாரந்தான் ஒருத்தன கேட்டோட தொரத்தி உட்டான். செக்கிங்ல புடிச்சிக்கினாங்கன்னு பேப்பர் காட்டுனா என் வேல நிக்கும்.”

பதினோரு வருட சர்வீசில் ஃபைன் போடச் சொல்லி யாரும் அவரிடம் கெஞ்சியதில்லை. மூட்டை தூக்கிக் காய்த்துப்போன அந்தக் கையைப் பார்த்ததும் சந்திரகலாவுக்கு மனசு இளகியது.

“யோவ், ஃபைன் கட்டுனா உன் அரை நாள் கூலி பூடும். ஓடிப் போ. நான் பாக்கல.”

“அய்யய்யோ, அப்பிடி மட்டும் உட்டுடாதீங்க மேடம்! புள்ளக்குட்டிக்காரன்.”

வேறு வழியில்லாமல் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். அவன் ஆதார் கார்டை நீட்டினான்.

“இது நீயாய்யா?”

“ஆதார்ல யாரு மேடம் அவங்கள மாதிரியே கீறாங்க?”

சந்திரகலா சிரித்துவிட்டார். தன் கார்டு நினைவுக்கு வந்தது. ‘ஏழுமலை’ என்று பேரெழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“டைமு, மேடம்?”

‘காலை 10.20, மீஞ்சூர்’ என்று சேர்த்து எழுதிக் கொடுத்தார். ஊரில் இன்னும் இப்படி நாலு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்டேஷனுக்கு வெளியே, அந்த ரசீதோடு டீக்கடை ஓரமாக ஒதுங்கிய முனிகிருஷ்ணன், தன் அண்ணன் ஏழுமலைக்குப் போன் போட்டான்.

“அண்ணா, ரசீது ரெடி. பத்து இருவதுக்கு நீ அங்க இல்ல, அரை மணி ரயில் தூரத்துல, மீஞ்சூர்ல கீற! ‘உன் போட் இன்ஜின தூக்கறேன் பாரு’ன்னு துளசிராமன்கிட்ட ஊர்க் கூட்டத்துல கத்துனவன் நீ. போலீஸ் மொதல்ல உன் ஊட்டுக்குத்தான் வரும். வந்தா இத நீட்டு. சரி, தூக்கிட்டியா?”

“தூக்கிட்டேன்டா. மெக்கானிக் நாஷ்டாவுக்குப் போன கேப்புல ரிப்பேர் ஷெட்டுல பூந்து, கோணில சுத்தி, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வரைக்கும் சொமந்துக்கினு வந்துட்டேன்.”

குரலில் சந்தோஷம் இல்லை.

“அப்புறம் இன்னா பேஜாரு?”

“இங்கயும் செக்கிங்குடா.”

“டிக்கெட் எடுக்கலியா நீ?”

“நாம என்னிக்குடா எடுத்தோம்?”

முனிகிருஷ்ணன் டீக்கடை பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தான். “பேரு இன்னான்னு சொன்ன?”

“என் பேருதான். பதட்டத்துல வேற பேரே வாயில வரலடா.”

“டைமு?”

“அதான் போட்டுட்டாங்களே. பத்து இருவத்தஞ்சு.”

கோணியை அவிழ்த்துப் பார்த்தவர்கள், அதையும் விடாமல் அந்தக் கும்மிடிப்பூண்டி ரசீதில் எழுதியிருந்தார்கள்: புக் செய்யாத லக்கேஜ் – போட் இன்ஜின், ஒன்று.