ஏழாவது ஓட்டு

ஓட்டு மூன்றுக்கு மூன்று என்று நின்றது. போடாதவள் நான் ஒருத்திதான்.

மாலை வகுப்பில் பிரெஞ்சு ஆசிரியை பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். என் கைப்பேசி மேசைக்கு அடியில் இருந்தது. எட்டு மணிக்குள் முடிவாக வேண்டும். மணி ஏழு நாற்பது.

எங்கள் வாட்ஸப் குழுவில் ஏழு பேர். தினமும் நாட்குறிப்பில் ஒரு பக்கம் எழுதி, அதைப் படமெடுத்துப் போடுவோம். முகத்தைப் போடுவதில்லை என்பது ஆரம்பத்திலிருந்தே வழக்கம். முதல் சந்திப்பு வரை இரண்டு வருடமாக ஒருவரையொருவர் கையெழுத்தில்தான் தெரியும். என் 'ழ'வின் வால் கீழ்வரி வரை போகிறது என்று வெற்றிச்செல்வன் கிண்டல் செய்வார்.

அடுத்த சந்திப்பை எங்கே வைப்பது? கடற்கரைச் சாலையிலா, நோணாங்குப்பத்தில் படகிலா? அதற்குத்தான் ஓட்டு.

கடற்கரையைச் சொன்னது நான். காரணங்களை வரிசையாக எழுதிப் போட்டிருந்தேன். டிக்கெட் எடுக்க வேண்டாம். மாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம். முத்தியால்பேட்டையிலிருந்து நான் நடந்தே வந்துவிடுவேன்.

நான்காவது காரணம் நோட்டில் மட்டும் இருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொள்ளலாம்.

"சுண்டல் திங்கறதுக்கு ஏழு பேரு எதுக்கு?" என்று வெற்றிச்செல்வன் கேட்டிருந்தார்.

படகைச் சொன்னது அறிவுமதி அக்கா. தவளக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். ஏழு பேரும் ஒரே படகில் போகலாம் என்பதைத் தவிர அவர் வேறு காரணம் எழுதவில்லை. எனக்குத் தலை சுற்றும் என்றேன். மாத்திரை கொண்டுவருவதாகப் பதில் போட்டார்.

முதல் சந்திப்புக்கு நான் வரவில்லை. காய்ச்சல் என்று எழுதியிருந்தேன்.

உண்மையில் வந்திருந்தேன். அந்தக் காப்பிக் கடைக்கு, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே.

அவர்கள் நோட்டும் கையுமாக ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எழுந்து அவர்களிடம் போயிருக்கலாம். ஆனால் நோட்டில் இருக்கும் செல்வி ஓயாமல் பேசுகிறவள். அவளைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் நான் போய் நிற்பது சரியா என்று யோசித்தேன். யோசித்தபடியே பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றேகால் மணி நேரம். யார் என்ன வாங்கினார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதினேன். அறிவுமதி அக்கா கை கழுவ என் மேசையைத் தாண்டிப் போனதையும் எழுதினேன். அவர் திரும்பிய பிறகு, காலியாக இருந்த ஏழாவது நாற்காலியை எடுக்க வந்த கடைக்காரரிடம், "இருக்கட்டும், ஆள் வருது" என்றதையும்.

அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஏழு ஐம்பத்திரண்டு. படகில் எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். ஒன்றரை மணி நேரம் இறங்க முடியாது. யாராவது என்னைப் பார்த்து ஏதாவது கேட்பார்கள். 'கடற்கரைச் சாலை' என்பதன் மேல் விரலைக் கொண்டுபோனேன்.

அப்போது எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. அறிவுமதி அக்காதான்.

"டாக்டருங்க கிறுக்கறதையே படிக்கிறவ நானு. உன் 'ழ' தெரியாதா? படகுல பக்கத்து மேசை கெடையாது செல்வி. அதான் படகு."

திறந்திருந்த நோட்டைச் சட்டென்று மூடினேன். கொஞ்சம் கழித்துத் திறந்து நான்காவது காரணத்தைக் கோடு போட்டு அடித்தேன்.

ஏழு ஐம்பத்தெட்டுக்குப் படகு நான்கு, கடற்கரை மூன்று.

பிறகு அவருக்குப் பதில் எழுதினேன்: "மாத்திரைய மறந்துடாதீங்கக்கா."